நம்ம பள்ளிக்கூடத்து மறைந்தவர்களை நினைவுகூருவது எப்படி?



போன வருடம் நமது டிவிஷன் பாடசாலையில் பரிசளிப்பு விழா நடந்தது. விழா முடிந்து வடை, பிளேன்டீ கொடுத்துக்கொண்டிருந்த நேரம், மண்டபத்துச் சுவரில் புதிதாக மாட்டியிருந்த பலகைக்கு முன்னால் ஒரு பாட்டி ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். பென்ஷன் இல்லாமல், ஈ.பி.எப். காசை எடுத்துக்கொண்டு வேலையை விட்டு நின்ற பழைய கொழுந்துக்காரி. பலகையில் "எமது பாடசாலையில் கடமையாற்றி மறைந்த அதிபர்கள், ஆசிரியர்கள்" என்று தலைப்பு. கீழே ஏழெட்டுப் பேர்கள். பேத்தியைக் கூப்பிட்டு ஒவ்வொரு பேராக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏங்கையா, எங்க வாத்தியாரு பேரு இதுல இல்லீங்களே?"

"உங்க வாத்தியார் பேர் என்ன பாட்டி?"

"வாத்தியாருன்னுதாங்க கூப்பிடுவோம். பேரு எங்களுக்கு என்னா தெரியும்."

அதிபரிடம் போய்க் கேட்டேன். அவரும் நல்ல மனுஷன்தான். "நம்மகிட்ட இருக்கிற பதிவு அரசாங்கம் பாடசாலையை எடுத்த பிறகு உள்ளது. அதுக்கு முந்தி யார் படிப்பிச்சாங்கன்னு ஒரு கடதாசிகூட இல்லை" என்றார். அந்தப் பாட்டியின் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஒரு பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் இறந்துபோனால் அவர்களுக்கு மரியாதை செய்வது எப்படி, அதில் நாம் விடும் பிழைகள் என்ன என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், பேர்கள் ஏன் தொலைந்துபோயின என்பதைச் சொல்ல வேண்டும். இது நமது அதிபர்மாரின் கவலையீனம் மட்டும் அல்ல. 1907ஆம் ஆண்டில் வந்த கிராமியப் பாடசாலைச் சட்டத்தின்படி, தோட்டத்தில் இருக்கும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்பு வசதி செய்து கொடுப்பது தோட்டத்துரையின் பொறுப்பு. அதற்காக ஒரு கட்டடத்தை ஒதுக்கிப் பராமரிக்க வேண்டும். ஆனபடியால் வாத்தியார் என்பவர் தோட்டத்து ஆள். சம்பளம் தோட்டக் கணக்கில். கணக்கப்பிள்ளை, கங்காணி, டிஸ்பென்சர் போல அவர் பேரும் தோட்ட ஆபீஸ் புத்தகத்தில்தான் இருந்திருக்கும். கல்விக் கந்தோரில் எதிர்பார்க்க முடியாது. அநேகமான இடங்களில் ஒரே மடுவம், ஒரே வாத்தியார், அஞ்சு வகுப்பு. அஞ்சையும் அவரே ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்வார்.

அந்தப் புத்தகங்கள் என்ன ஆயின? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் போயின. 1992இல் மறுபடியும் கம்பனிகளிடம் நிர்வாகம் போயிற்று. ஒவ்வொரு கை மாறும்போதும் பழைய புத்தகங்கள் ஸ்டோர் மாடிக்கும் கக்கூஸ் பக்கத்து அறைக்கும் போய், கறையானுக்கும் மழைக்கும் இரையாகின. பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில் தொடங்கித்தான். அந்தத் திகதியில் இருந்துதான் நமது பாடசாலைகளுக்கு ஒழுங்கான இடாப்பு, சம்பவத்திரட்டுப் புத்தகம், சம்பளப் பதிவு எல்லாம் கிடைக்கின்றன. அதற்கு முந்தி ஒரு வாத்தியார் 30 வருடம் படிப்பித்திருந்தாலும் கடதாசியில் அவர் இல்லை.

இன்னொரு காரணம், ஆட்களே இங்கு இல்லாமல் போனது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், பிறகு 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம். இவற்றால் எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குப் போயின. 1977, 1981, 1983 கலவரங்களுக்குப் பயந்து போனவர்களும் உண்டு. வாத்தியார் போனார், அவரிடம் படித்த பிள்ளைகளும் போனார்கள். அவர்கள் நீலகிரியிலும் கூடலூரிலும் செத்தார்கள். செய்தி வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. இங்கு யார் நினைவுநாள் எடுப்பது?

அந்தக் காலத்து வாத்தியார் வெறும் அ, ஆ சொல்லிக் கொடுத்தவர் அல்ல என்பதை இளம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் இருந்து வரும் கடிதத்தை லயத்தில் வாசித்துக் காட்டுவது அவர். பதில் எழுதுவதும் அவர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்ட காலத்தில் படிவம் நிரப்ப எழுத்துத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. லயத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? மாரியம்மன் திருவிழாக் கணக்கு, காமன் கூத்துக்குப் பாட்டுக் கொப்பி, தொழிற்சங்கத்துக்கு மகஜர் என்று எதற்கும் வாத்தியார் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். துரைக்குக் கோபம் வராமல் மகஜர் எழுதுவது ஒரு தனிக் கலை. அதற்காகவே வேலை போன வாத்தியார்மாரும் இருந்திருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சரி, பேரை எப்படித் தேடுவது? நமது டிவிஷனில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். சம்பவத்திரட்டுப் புத்தகத்தின் முதல் பக்கங்களைப் பார்க்கலாம், பாடசாலையை ஏற்றுக்கொண்ட நாளில் அங்கு கடமையில் இருந்தவர் பேர் சில இடங்களில் எழுதியிருக்கும். மாரியம்மன் கோயில் பழைய நன்கொடைப் பட்டியலில் "பள்ளிக்கூட வாத்தியார், ரூபா 5" என்று பேரோடு இருக்கலாம். கோயில் மணியில், குத்துவிளக்கில், படிக்கட்டில் உபயகாரர் பேர் வெட்டியிருந்தால் அதையும் பாருங்கள். எல்லாவற்றையும்விட நல்லது பழைய குரூப் போட்டோ. தோட்டத்தில் எந்த வீட்டிலும் ஒன்றாவது இருக்கும், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள், அல்லது டிரங்குப் பெட்டிக்கு அடியில். பின்புறம் திருப்பிப் பாருங்கள். பென்சிலில் ஏதாவது எழுதியிருக்கும்.

70, 80 வயதுப் பெரியவர்களிடம் கேட்கும்போது "வாத்தியார் பேர் என்ன?" என்று நேராகக் கேட்டால் பாட்டி சொன்ன பதில்தான் வரும். "அவர் சம்சாரத்தை என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க? பிள்ளைகள் பேர் என்ன? எந்த ஊர்க்காரர்? எந்த லயத்துப் பக்கம் இருந்தார்?" என்று கேளுங்கள். பிள்ளை பேர் தெரிந்தால் தகப்பன் பேர் பின்னாலேயே வரும். நமது ஆட்கள் பேருக்கு முன்னால் போடும் எழுத்து தகப்பன் பேருடையது அல்லவா!

பேர் கிடைத்த பிறகு சரியாக எழுதுவது அடுத்த வேலை. இதில் நம் சனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. செக்ரோலில் ஒரு விதமாக, பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாக, அடையாள அட்டையில் இன்னொரு விதமாக, எழுதினவருக்குக் காதில் விழுந்தபடி நம்ம பேர்கள் எழுதப்பட்டன. முத்துலெட்சுமி என்ற ஒரே அம்மா மூன்று கடதாசியில் மூன்று ஆளாக இருப்பார். ஈ.பி.எப். காசு எடுக்கப் போய் அலைந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உயிரோடு இருந்த காலமெல்லாம் பிழையாக எழுதின பேரைச் செத்த பிறகும் பலகையில் பிழையாக எழுதுவது அநியாயம்.

நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே இது நடந்தது. என்னை முதலாம் வகுப்பில் கையைப் பிடித்து எழுத வைத்த டீச்சர் காலமானபோது ஒரு பெரிய மனிதர் செலவில் பளிங்குக் கல் பதித்தார்கள். டீச்சருடைய பேரில் ஒரு எழுத்துப் பிழை. வந்த வருடமும் பிழை. கல்லைக் கொடுத்தவருடைய பேர் மட்டும் பட்டம், பதவியோடு பிழையில்லாமல், டீச்சர் பேரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. டீச்சருடைய மகள் திறப்பு விழாவுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிப் போனார். அன்றைக்கு நானும் அந்தக் கூட்டத்தில் கைதட்டினவன்தான்.

ஆனபடியால் நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான். பலகைக்கோ கல்லுக்கோ பேரைக் கொடுக்கும் முன் குடும்பத்தாரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மரணச் சான்றிதழோடு ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரில் வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அதையும் சேர்த்து எழுதலாம், "பெரிய டீச்சர்" என்றால்தான் பாதிப் பேருக்கு ஆள் விளங்கும். கல் வெட்டுகிறவரிடம் போகும் முன் அந்தத் தாளில் குடும்பத்தார் ஒருவரின் கையெழுத்து இருக்கட்டும். பென்சிலால் எழுதிய பிழையை ரப்பரால் அழிக்கலாம், கல்லில் வெட்டியதை என்ன செய்வது?

யார் யாரை நினைவுகூருவது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதிபர், ஆசிரியர் மட்டும்தான் பள்ளிக்கூடமா? பிள்ளைகளுக்குப் பகலுணவு சமைத்துக் கொடுத்த தாய்மார், இராக்காவல் இருந்தவர், கூட்டித் துடைத்தவர், சிரமதானத்தில் கல் சுமந்து மண்டபம் கட்டினவர்கள், இவர்களும் அந்தப் பாடசாலையின் ஆட்கள்தான். படிக்கிற வயதிலேயே போய்விட்ட பிள்ளைகளும் அப்படியே. நன்கொடை கொடுத்தவர்கள் பேர் சுவரில் நிறைந்திருக்கிறது. நன்கொடையாக உடம்பைக் கொடுத்தவர்கள் பேர் இல்லை. பலகையில் இடம் போதாது என்று சொல்வார்கள். இடம் போதாவிட்டால் ஒரு தடித்த கொப்பி வாங்கி எழுதி வைக்கலாமே. கொப்பியில் இடம் முடிந்தால் இன்னொரு கொப்பி.

இனி மரணம் நடந்த அன்றைக்குச் செய்ய வேண்டியவை. ஆசிரியர் ஒருவர் காலமானால் பாடசாலைக்கு வெள்ளைக்கொடி கட்டுவது, காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம், மாணவர்கள் வரிசையாகப் போய் இறுதி மரியாதை செலுத்துவது என்பவை நமக்குப் பழகினவை. இதில் இரண்டு விஷயம் மட்டும். நமது பாடசாலைகளில் இந்துப் பிள்ளைகள், வேதக்காரப் பிள்ளைகள், இஸ்லாமியப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகத்தான் படிக்கிறார்கள். ஆகவே மௌனம் எல்லாருக்கும் பொது, அதை முதலில் வையுங்கள். தேவாரமோ செபமோ இறந்தவருடைய மார்க்கப்படி, அவர் வீட்டாரைக் கேட்டுச் செய்யுங்கள். மற்றது, சின்னப் பிள்ளைகளை மயானம் வரை கூட்டிப் போக வேண்டாம். தப்புச் சத்தமும் அழுகையும் அஞ்சாறு வயதுப் பிள்ளைக்கு இராத்திரி கனவில் வரும். பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரிடம் சொல்லி, ஆசிரியர்மாரோடு, பகல் வெளிச்சத்தில் அனுப்பிப் பகலிலேயே திரும்பக் கூட்டி வர வேண்டும். மழை நாளில் சறுக்கும் குறுக்குப் பாதை வேண்டவே வேண்டாம்.

ஒரு மாணவன் அல்லது மாணவி இறந்தால் காரியம் இன்னும் கஷ்டம். வகுப்பில் 25 பிள்ளைகள், மறுநாள் 24. ஒரு கதிரை சும்மா இருக்கும். சில ஆசிரியர்கள் பிள்ளைகள் அழுவார்களே என்று விடியும் முன்பே அந்தக் கதிரை மேசையை எடுத்துவிடுகிறார்கள். அது நல்லெண்ணம்தான். ஆனால் பிள்ளைகள் அதை வேறு மாதிரி விளங்கிக்கொள்கின்றன. "நான் செத்தாலும் இப்படித்தான் தூக்கிப் போட்டுருவாங்களா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டதாக ஒரு ஆசிரியர் என்னிடம் சொன்னார். கதிரை கொஞ்ச நாள் இருக்கட்டும். பூ வைப்பதா, படம் வரைந்து வைப்பதா என்று பிள்ளைகளே சொல்லட்டும். பிறகு எப்போது எடுப்பது என்பதையும் அவர்களோடு பேசித் தீர்மானிக்கலாம்.

செய்தியை வகுப்பாசிரியரே சொல்ல வேண்டும், அதுவும் வதந்தி வரும் முன். சுற்றி வளைக்காமல் "இறந்துவிட்டார்" என்று சொல்லுங்கள். "தூங்குகிறார்" என்று சொன்னால் சின்னப் பிள்ளை தூங்கப் பயப்படும். நம் தோட்டங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. தாய் இறந்த பிள்ளையிடம் "அம்மா வெளிநாடு போயிருக்காங்க" என்று சொல்லிவிடுவது. நமது லயங்களில் எத்தனை அம்மாமார் குவைத்திலும் சவூதியிலும் வேலை செய்கிறார்கள்! அவர்களில் பலர் இரண்டு வருடத்தில் பெட்டியோடு திரும்பி வருகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா வந்துவிட்டார், என் அம்மா ஏன் வரவில்லை என்று அந்தப் பிள்ளை ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். உண்மை தெரியும் நாளில் அம்மா போன துக்கத்தோடு, எல்லாரும் என்னை ஏமாற்றினார்கள் என்ற துக்கமும் சேரும். பெரியம்மா, சித்தி, பாட்டி யாராவது மடியில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.

வரவு இடாப்பில் அந்தப் பிள்ளையின் பேரைக் கீறி அழிக்க வேண்டாம். குறிப்பு எழுதும் இடத்தில் திகதியோடு "காலமானார்" என்று எழுதினால் போதும். 20 வருடம் கழித்து ஒருவர் இடாப்பைப் புரட்டும்போது அங்கு ஒரு பிள்ளை இருந்தது என்று தெரிய வேண்டும். பிள்ளையின் கொப்பி, வரைந்த படம், வகுப்பில் செய்த கைவேலை ஏதாவது பாடசாலையில் இருந்தால் அவற்றைக் கட்டித் தாய் தகப்பனிடம் ஆசிரியரே கொண்டுபோய்க் கொடுங்கள். பியூனிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

ஒரு விஷயத்தை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் பிழை. தானே உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைக்கோ ஆசிரியருக்கோ சில இடங்களில் மௌனம்கூடச் செலுத்துவதில்லை, மானக்கேடு என்று பேசாமல் விட்டுவிடுகிறார்கள். வேறு சில இடங்களில் அதற்கு நேர் எதிராக ஆளுயரப் படம் வைத்து, பேனர் கட்டி, வாட்ஸ்அப்பில் பாட்டோடு போடுகிறார்கள். இரண்டும் சரியில்லை. மற்றவர்களுக்குச் செய்கிற அதே மௌனம், அதே மரியாதை இவர்களுக்கும் உண்டு, குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம். எப்படிச் செய்துகொண்டார் என்ற விபரத்தைக் கூட்டத்தில் பேசவே கூடாது. காரணம் என்று ஒரு ஆளை, ஒரு சம்பவத்தைக் காட்டவும் கூடாது. அவரோடு நெருக்கமாக இருந்த பிள்ளைகளை அடுத்த சில வாரங்களுக்குக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கி இருந்தால் எங்களிடமோ தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடமோ உடனே சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேச ஆள் இருக்கிறார்கள்.

வருடாவருடம் நினைவுகூருவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் என்று வைத்தால் பாடசாலை நடக்காது. நமது நாட்டில் ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6ஆம் திகதி. அன்று ஆசிரியர்மாருக்குப் பூமாலை போட்டு, கேக் வெட்டும் முன் மறைந்த ஆசிரியர்மாரின் பேர்களை ஒரு மாணவர் நின்று வாசிக்கலாம். ஐந்து நிமிடம் போதும். ஒரு பேருக்கு ஒரு வரி சேர்த்து வாசித்தால் இன்னும் நல்லது. "அளப்பரிய சேவையாற்றிய, அன்பும் பண்பும் நிறைந்த" என்று எல்லாருக்கும் ஒரே வரியைப் போட வேண்டாம். "மழை நாளில் ஆற்றுக்கு அப்பால் உள்ள பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்தவர்" என்று சொன்னால் கேட்கிற பிள்ளைக்கு ஆள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பார்.

மலையகத்தில் இதற்கு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கம் அவர்கள் 1999இல் காலமானார். அவரிடம் படித்தவர்களும் அவரை மதித்தவர்களும் அவர் பேரில் பல வருடங்களாக நினைவுச் சொற்பொழிவுகள் நடத்தி வந்திருக்கிறார்கள். மேடையில் அவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்து போகாமல், மலையகத்துப் பிரச்சினைகளை எடுத்துப் பேசுகிறார்கள். சின்னத் தோட்டப் பாடசாலைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு முடியாது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை பழைய மாணவர் ஒருவரை, நர்ஸ் ஆனவரோ, பஸ் ஓட்டுகிறவரோ, அழைத்து மறைந்த ஆசிரியர் பேரில் பிள்ளைகளோடு பேச வைக்க ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது நினைவுப் பரிசு. குடும்பத்தார் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். "அப்பா பேரில் ஒரு பரிசு வைக்கணும், எப்படிங்க?" என்று வருகிறார்கள். காசை யாருடைய கையிலும் கொடுக்காதீர்கள், அதிபர் கையிலும் கூடாது, என் கையிலும் கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தில் கடிதம் கொடுத்து, கூட்டக் குறிப்பில் எழுத வைத்து, சங்கத்தின் வங்கிக் கணக்கில் போட்டுப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் யாருடைய பேரில், எந்த வகுப்புக்கு, எதற்காக, எத்தனை வருடத்துக்கு என்று தெளிவாக இருக்கட்டும். அதிபர் மாறுவார், சங்கம் மாறும், கடிதம் கோவையில் இருக்கும்.

கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். 50,000 ரூபாவை நிலையான வைப்பில் போட்டால், வட்டி 8 வீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 4,000 ரூபா. வரி ஏதும் வங்கி கழித்தால் அது வேறு. முழுவதையும் பரிசுக்குச் செலவழித்தால் முதல் 50,000 அப்படியே இருக்கும் என்று சந்தோஷப்படுவோம். இருக்கும்தான், ஆனால் அதன் பெறுமதி இருக்காது. 2022இல் விலைவாசி என்ன பாடு படுத்தியது என்று மறந்துவிட்டீர்களா? முன்னொரு காலத்தில் 1,000 ரூபாவைப் போட்டு வருடத்துக்கு ஒரு அகராதி கொடுக்கலாம் என்று ஆரம்பித்த பரிசுகள் உண்டு. இன்றைக்கு அந்த வட்டிக்கு ஒரு கொப்பி வாங்குவதே கஷ்டம். ஆகையால் 4,000இல் 3,000ஐச் செலவழித்து 1,000ஐத் திரும்ப முதலில் சேர்த்துக்கொண்டு போங்கள். அல்லது "பத்து வருடத்துக்கு மட்டும்" என்று சொல்லி, ஒவ்வொரு வருடமும் 5,000 முதலையும் வந்த வட்டியையும் செலவழித்து மரியாதையாக முடித்துவிடுங்கள். முடிவில்லாமல் கொடுப்போம் என்று வாக்குக் கொடுத்து மூன்றாம் வருடம் நின்றுபோன பரிசுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பரிசு யாருக்கு என்பதும் யோசிக்க வேண்டியது. புலமைப்பரிசிலில் முதலாவது வந்த பிள்ளைக்கே எல்லாப் பரிசும் போய்ச் சேருகிறது. ஒரே பிள்ளை ஆறு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும், மற்றதுகள் கைதட்டும். வருடம் முழுவதும் லீவு போடாமல் தூர டிவிஷனில் இருந்து நடந்து வந்த பிள்ளைக்கு ஒரு சோடி சப்பாத்து கொடுங்களேன். சாதாரண தரத்தில் கணிதம் தவறி இரண்டாம் தரம் எழுதப் போகும் பிள்ளைக்குப் பரீட்சைக் காலத்து பஸ் காசு கொடுங்களேன். மறைந்தவர் பேரைச் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது. கோப்பை, ஷீல்ட் எல்லாம் லயத்துக் காம்பராவில் வைக்க இடமும் இல்லை.

மரம் நடுதல், தண்ணீர்க் குழாய், வாங்கு, நூல் அலுமாரி என்பவையும் நல்லவைதான். கட்டடமோ நிரந்தரமான வேறு எதுவுமோ என்றால் அதிபர் மூலம் வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் அனுமதி எடுங்கள், காணி தோட்டத்துடையது என்றால் தோட்ட நிர்வாகத்திடமும் கேளுங்கள். மரம் நட்டால் தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்பதையும் அன்றைக்கே பேசிக்கொள்ளுங்கள்.

மண்சரிவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மலை சரிந்தது. இப்படி ஒரே நாளில் பலர் போகும்போது தனித்தனியாக நினைவுகூர யாருக்கும் தெம்பு இருக்காது. எல்லாரையும் ஒரே எண்ணிக்கையாக்கி "அனர்த்தத்தில் உயிரிழந்தவர்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். அது கூடாது. பாடசாலையில் ஒவ்வொரு பேரையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். உடல் கிடைக்காதவர்களின் பேரையும் சொல்லுங்கள், ஆனால் வீட்டார் இன்னும் "காணவில்லை" என்றுதான் சொல்கிறார்கள் என்றால் அவர்கள் சொல்லும் வரை "காலமானார்" என்று எழுத வேண்டாம். அந்த நினைவுநாளில் மழை பெலமாகப் பெய்தால் கூட்டத்தைத் தள்ளி வையுங்கள். சில பிள்ளைகளுக்கு மழைச் சத்தமே போதும்.

கடைசியாக அந்தப் பாட்டியின் வாத்தியார் விஷயம். இரண்டு மாதம் தேடினோம். மேல்மலை லயத்தில் ஒரு வீட்டில் 1968 என்று பின்னால் எழுதிய குரூப் போட்டோ ஒன்று கிடைத்தது. முன்வரிசையில் பிள்ளைகள் தரையில், நடுவில் கதிரையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர். படத்தைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையால் துடைத்து, கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இவருதாங்க. இந்தக் கோட்டுதான் எந்நாளும் போடுவாரு. கீழ பாருங்க, காலுல செருப்பு இல்ல. எங்க யாருக்கும் இல்லைன்னு அவரும் போட மாட்டாரு."

பேரும் தெரிந்துவிட்டது. மகன் ஒருவர் கோத்தகிரிப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கு இருக்கும் நம் தோட்டத்து உறவுக்காரர் மூலம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். வீட்டாரைக் கேட்காமல் அச்சில் போடக் கூடாது என்பதால் பேரை இங்கு எழுதவில்லை. அதிபர் பலகையில் முதலாவது வரிக்கு மேலே இடம் விட்டு வைத்திருக்கிறார். உங்கள் வீடுகளில் பழைய பள்ளிக்கூடப் போட்டோ இருந்தால் நலன்புரி ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள், போனில் படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவோம். சனிக்கிழமை அரைநாள் பெரட்டு முடிந்து வந்தாலும் நான் இருப்பேன்.